புராஜெக்ட்டுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் போடப்போகிறவர்களுக்கு

பத்தாம் வகுப்போடு கணக்கை மூட்டை கட்டிவிட்டு பி.காம்., சமூகப்பணி, நர்சிங் என்று எதையோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள், கடைசி செமஸ்டரில் கைடு "டேட்டா கலெக்ட் பண்ணி மீன், மீடியன், எஸ்டி போட்டுக் கொண்டு வா" என்று, அதாவது சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம் மூன்றும் வேண்டும் என்று, சொல்லிவிட்டுப் போய்விட்டார், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சூத்திரம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எந்தச் சூத்திரத்தை எப்போது போடுவது, கால்குலேட்டர் ஒன்று சொல்லி கணினி வேறொன்று சொன்னால் யாரை நம்புவது, வைவாவில் எங்கே மாட்டுவோம் என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை, அலைந்துதான் தெரிந்துகொண்டேன்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணம்தான். ஒரு தெருவில் 10 வீடு, இரண்டு மாத ஈபி பில்லில் வந்த யூனிட். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை:

180, 210, 220, 240, 240, 260, 290, 310, 350, 1200

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள். படித்தால் மட்டும் போதாது, கை ஓட வேண்டும்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள்

நான்கு வேண்டும். நிரப்பிய படிவங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் வரிசை எண் எழுதியபடி. இரண்டாவது மாஸ்டர் ஷீட், அதாவது ஒரு படிவத்துக்கு ஒரு வரி, ஒரு கேள்விக்கு ஒரு பத்தி என்று எக்ஸெல்லிலோ நோட்டிலோ போட்ட பட்டியல். மூன்றாவது குறியீட்டுத் தாள்: ஆண் 1, பெண் 2, சொந்த வீடு 1, வாடகை 2 என்று நீங்கள் கொடுத்த எண்களுக்கு என்ன பொருள் என்று எழுதி வைப்பது. இதைப் பலர் எழுதுவதே இல்லை, இரண்டு மாதம் கழித்து 2 என்றால் வாடகையா சொந்தமா என்று அவர்களுக்கே தெரியாது. நான்காவது கணக்குத் தாள். எந்தப் பத்திக்கு எந்தச் சூத்திரம் போட்டீர்கள், எதனால் வகுத்தீர்கள், எத்தனை வீட்டை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

படிவத்தில் வரிசை எண் இல்லாவிட்டால் 1200 என்று ஓர் எண்ணைப் பார்த்துச் சந்தேகம் வரும்போது எந்த வீடு என்று திரும்பிப்போய்ப் பார்க்க வழி கிடையாது. அதனால் நிரப்பி வாங்கிய அன்றே எண் போட்டுவிடுங்கள்.

2. எண்களைச் சுத்தம் செய்யுங்கள், இங்கேதான் பாதி வேலை

பெரும்பாலான தப்புகள் சூத்திரத்தில் வருவதில்லை, அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

முதல் பொறி, வெற்று இடமும் பூஜ்யமும். ஒரு வீடு பூட்டியிருந்தது, டோர் லாக், ரீடிங் இல்லை. அங்கே 0 போட்டால் அந்த வீடு ஒரு யூனிட்கூட எரிக்கவில்லை என்று பொருள், சராசரி தானாகக் கீழே இறங்கிவிடும். கட்டத்தைக் காலியாக விட்டால் எக்ஸெல் அதைக் கணக்கிலேயே சேர்க்காது. நம் பட்டியலில் பதினோராவதாக ஒரு பூட்டிய வீட்டுக்கு 0 போட்டால் 350 இருந்த சராசரி 318 ஆகிவிடும், ஒரு தவறான சுழியால் 32 யூனிட் காணாமல் போகிறது. சிலர் பதில் இல்லாத இடத்தில் 99 அல்லது 999 போடுவார்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் அது "மிஸ்ஸிங்" என்று தனியாகச் சொல்லிவைத்தால்தான் தெரியும். சொல்லாவிட்டால் 999 யூனிட் எரித்த வீடாகவே அதை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, எண் மாதிரி தெரியும் எழுத்து. வாட்ஸப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒட்டிய எண்களைச் சில நேரம் எக்ஸெல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், சராசரி போடும்போது சத்தமில்லாமல் தாண்டிவிடும். எந்த எச்சரிக்கையும் கத்தாது. சாதாரணமாக எண்கள் கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், இடது பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். இதைவிட உறுதியான வழி கவுண்ட் கட்டளை. அது எண்களை மட்டும்தான் எண்ணும். 10 வீடு உள்ளிட்டு அது 9 என்று சொன்னால் ஒன்று எழுத்தாகக் கிடக்கிறது.

மூன்றாவது, அலகு. ஒருவர் ஒரு மாதக் கணக்கைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் இரண்டு மாதம், மூன்றாமவர் யூனிட்டுக்குப் பதில் ரூபாயைச் சொல்லியிருப்பார். முடிந்தவரை வாய்வார்த்தையாகக் கேட்காமல் ஈபி கார்டையோ பில்லையோ பார்த்து எழுதுங்கள்.

அப்புறம், 1200. இது 120 என்பதில் ஒரு சுழி கூடிவிட்டதா, இல்லை நிஜமாகவே இரண்டு ஏசி ஓடும் வீடா? படிவத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். எழுத்துப்பிழை என்றால் திருத்துங்கள். நிஜம் என்றால் அது இருக்கட்டும், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நீக்காதீர்கள். கீழே வரும் பாதி விஷயம் அந்த ஒரு வீட்டால்தான் புரியப்போகிறது.

3. எந்த விவரத்துக்கு எந்தச் சராசரி என்று முடிவு செய்யுங்கள்

கணக்குப் போடுவதற்கு முன் பத்தி பத்தியாகப் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த எண் உண்மையில் அளவா, இல்லை நாம் வைத்த பெயரா?

ஆண் 1, பெண் 2 என்று போட்டுவிட்டு எக்ஸெல்லிடம் சராசரி கேட்டால் 1.5 என்று பவ்யமாகச் சொல்லும். அதை அட்டவணையில் போட்டு "பாலினத்தின் சராசரி 1.5" என்று எழுதியிருக்கிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட பத்திகளுக்கு எத்தனை பேர், எத்தனை சதவீதம், அதிகம் வந்தது எது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

அடுத்தது, வரிசை உண்டு ஆனால் இடைவெளி நிச்சயமில்லாதவை. "முற்றிலும் உடன்படவில்லை" 1 முதல் "முற்றிலும் உடன்படுகிறேன்" 5 வரை இருக்கும் கேள்விகள் இந்த வகை. 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் 4-க்கும் 5-க்கும் உள்ள தூரமும் ஒன்றுதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதற்கு இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு, பாதுகாப்பானது. பல கேள்விகளின் மதிப்பெண்ணைக் கூட்டி வரும் மொத்தத்துக்குச் சராசரி போடுவது வழக்கத்தில் இருக்கிறது, உங்கள் துறையில் எப்படிச் செய்கிறார்கள் என்று பழைய புராஜெக்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு கைடிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

யூனிட், ரூபாய், வயது, எடை போன்றவைதான் மீதி. இவற்றுக்கு எல்லாம் போடலாம். எது பொருத்தம் என்பது வேறு விஷயம்.

4. சராசரி, இடைநிலை, முகடு

எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 3500. பத்தால் வகுத்தால் சராசரி 350.

இப்போது பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பத்தில் எட்டு வீடு 350-க்குக் கீழே, ஒன்று சரியாக 350, மேலே இருப்பது ஒன்றே ஒன்று. "இந்தத் தெருவில் ஒரு வீடு சராசரியாக 350 யூனிட் எரிக்கிறது" என்று எழுதினால் கணக்கு சரி, ஆனால் படிப்பவர் மனத்தில் ஏறும் சித்திரம் தப்பு.

இடைநிலைக்கு எண்களை ஏறுவரிசையில் வைக்க வேண்டும். வரிசைப்படுத்தாமல் நடுவில் இருப்பதை எடுப்பதுதான் பரீட்சையில் அதிகம் பேர் செய்யும் தப்பு. எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் நட்ட நடு எண், இரட்டைப்படை என்றால் நடுவில் உள்ள இரண்டின் சராசரி. நமக்கு ஐந்தாவது 240, ஆறாவது 260, ஆகவே 250. பாதி வீடு இதற்குக் கீழே, பாதி மேலே. அந்த 1200 நாளைக்கு 12,000 ஆனாலும் இடைநிலை 250-ஐ விட்டு நகராது, சராசரியோ 1430-க்குத் தாவிவிடும்.

முகடு, அதாவது அதிக முறை வரும் எண், 240. இரண்டு முறை வருகிறது. சின்னப் பட்டியலில் முகட்டுக்குப் பெரிய பொருள் கிடையாது, கேட்டால் போடுங்கள். இரண்டு முகடு இருந்தால் எக்ஸெல்லின் சாதாரண மோட் கட்டளை ஒன்றை மட்டும் காட்டும், அதை நம்பி ஒன்றுதான் இருக்கிறது என்று எழுதாதீர்கள்.

சராசரியும் இடைநிலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சராசரியை முதன்மையாகச் சொல்லலாம். 350, 250 மாதிரி விலகி நின்றால் இரண்டையும் எழுதி, ஏன் விலகியது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வருமானம், வீட்டு வாடகை, கடன் தொகை, மருத்துவமனையில் தங்கிய நாள், இவை எல்லாமே பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இதோடு இன்னொன்று. சராசரி யூனிட்டை வைத்துச் சராசரி பில் தொகையைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈபியில் ஸ்லாப் மாற மாற யூனிட் விலை மாறுகிறது. 350 யூனிட்டுக்கு வரும் பில் ஒன்று, பத்து வீட்டு பில்லையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் வருவது வேறு. தொகை வேண்டுமென்றால் தொகையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

5. வீச்சும் கால்மானங்களும்

வீச்சு சுலபம்: 1200 − 180 = 1020. ஒரே வரியில் முடிந்துவிடும், ஆனால் இரண்டு ஓரத்து எண்களை மட்டும் பார்த்து நடுவில் இருக்கும் எட்டு வீட்டைக் கண்டுகொள்ளாத அளவு இது. தனியாக இதை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்.

கால்மானம் என்பது ஏறுவரிசையில் வைத்த எண்களை நான்கு சம பங்காகப் பிரிக்கும் இடம். இதில்தான் எல்லோருக்கும் தலை சுற்றும், ஏனென்றால் இதைப் போடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை இருக்கிறது, எல்லாமே வழக்கத்தில் உள்ளவை. நம் பத்து எண்ணுக்கு:

புத்தக முறை. எண்ணிக்கையோடு 1 கூட்டி நான்கால் வகுக்கவும்: 11 ÷ 4 = 2.75. இரண்டாவது எண் 210, மூன்றாவது 220, இடையில் முக்கால் தூரம் போனால் 217.5. இது முதல் கால்மானம். மூன்றாவதுக்கு 8.25-ஆவது இடம்: 310-க்கும் 350-க்கும் இடையில் கால் தூரம், 320. இடைவெளி 102.5.

பாதியாகப் பிரிக்கும் முறை. கீழ்ப்பாதி ஐந்தின் நடு 220, மேல்பாதி ஐந்தின் நடு 310. இடைவெளி 90.

எக்ஸெல்லின் குவார்ட்டைல் கட்டளையில் "இன்க்" என்று முடிவது. அது 225, 305 என்று சொல்லும். இடைவெளி 80. "எக்ஸ்க்" என்று முடியும் இன்னொரு கட்டளையோ புத்தக முறையின் 217.5, 320 என்ற விடையையே தரும்.

102.5, 90, 80. மூன்றுமே தப்பில்லை. கையில் போட்டதும் கணினி சொன்னதும் பொருந்தவில்லை என்று பயந்து இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கூட்டுவதற்கு முன்னால் முறை ஒன்றுதானா என்று பாருங்கள். முறையைக் கணக்குத் தாளில் எழுதி, புராஜெக்ட் முழுக்க அதையே பின்பற்றுங்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டினால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, பத்து இருபதில்தான் உறுத்தும்.

இந்த இடைவெளியைப் பாதியாக்கினால் கால்மான விலக்கம், புத்தக முறைப்படி 51.25. இடைநிலையை எழுதும் இடத்தில் பரவலுக்கு இதை எழுதுங்கள். சராசரிக்குத் திட்டவிலக்கம், இடைநிலைக்குக் கால்மானம் என்று ஜோடியாகவே வைத்துக்கொள்ளலாம்.

விலகி நிற்கும் எண்ணைக் கண்டுபிடிக்கவும் கால்மானம் உதவும். இடைவெளியை ஒன்றரையால் பெருக்கி மூன்றாம் கால்மானத்தோடு கூட்டுங்கள்: 320 + 153.75 = 473.75. இதைத் தாண்டியது, இந்த உதாரணத்தில் 1200, ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டிய எண். "போய்ப் பார்" என்பதோடு சரி, "நீக்கு" என்று அந்த விதி சொல்லவில்லை. அதையும் மீறி நீக்கினால், நீக்கியதற்கு முன் ஒரு விடை, பின் ஒரு விடை என்று இரண்டையும் காட்டுங்கள். 1200 இல்லாமல் மீதி ஒன்பதின் சராசரி 255.6.

6. திட்டவிலக்கத்தைக் கையில் ஒரு தடவையாவது போடுங்கள்

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்லும் அளவுதான் திட்டவிலக்கம். கணினி நொடியில் போட்டுவிடும்தான். ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டவருக்கு வைவாவில் பயம் இருக்காது.

ஒவ்வோர் எண்ணிலிருந்தும் சராசரி 350-ஐக் கழியுங்கள்: −170, −140, −130, −110, −110, −90, −60, −40, 0, 850. இவற்றைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ கழித்தல் தப்பு, மேலே போகாதீர்கள். (சராசரியைத் தசமத்தில் சுருக்கியிருந்தால் துளி மிச்சம் இருக்கும், பரவாயில்லை.)

கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் என்பதால் அப்படியே சராசரி எடுத்துப் பயனில்லை, அதனால் வர்க்கப்படுத்துகிறோம்: 28900, 19600, 16900, 12100, 12100, 8100, 3600, 1600, 0, 722500. கூட்டினால் 8,25,400. இதில் 7,22,500 அந்த ஒரே வீட்டினுடையது. திட்டவிலக்கம் ஏன் ஓர் எண்ணால் இப்படி வீங்குகிறது என்று யாராவது கேட்டால் இந்த வரியைக் காட்டினால் போதும்.

10-ஆல் வகுத்தால் 82,540, இது விலக்க வர்க்கச் சராசரி. இதன் அலகு யூனிட் கிடையாது, யூனிட்டின் வர்க்கம், அதனால் இதை வைத்து வாக்கியம் எழுத முடியாது. வர்க்கமூலம் எடுத்தால்தான் யூனிட்டுக்குத் திரும்புவோம்: 287.3.

எண்கள் பெரிதாக இருந்தால் சிரமத்தைக் குறைக்க ஒரு வழி. எல்லா எண்ணையும் 10-ஆல் வகுத்து 18, 21, 22 என்று வைத்துக்கொண்டு போடுங்கள், கடைசியில் வரும் திட்டவிலக்கத்தை 10-ஆல் பெருக்குங்கள். எல்லா எண்ணிலிருந்தும் 200 கழித்துவிட்டுப் போட்டாலும் திட்டவிலக்கம் மாறாது, சராசரியில் மட்டும் 200-ஐத் திருப்பிக் கூட்ட வேண்டும்.

7. எண்ணிக்கையால் வகுப்பதா, ஒன்று குறைத்தா

வைவாவில் மாட்டுகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் படித்த முறையில் எண்ணிக்கையால், அதாவது 10-ஆல் வகுப்போம். 287.3. எஸ்பிஎஸ்எஸ் சாதாரணமாக 9-ஆல் வகுக்கும்: 91,711, அதன் மூலம் 302.8. கையில் ஒன்று, பிரிண்ட் அவுட்டில் ஒன்று.

அந்தத் தெருவில் இருப்பதே பத்து வீடுதான், அந்தப் பத்தைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறீர்கள் என்றால் 10-ஆல் வகுக்கலாம். அந்தப் பத்தை வைத்து ஊரில் உள்ள மற்ற வீடுகளையும் பற்றி ஏதாவது சொல்லப்போகிறீர்கள், அதாவது இது ஒரு மாதிரிக்கூறு என்றால் 9-ஆல். புராஜெக்ட் பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஏன் ஒன்று குறைகிறது என்று கேட்டால், மேலே பார்த்த விலக்கங்களைக் காட்டுங்கள். முதல் ஒன்பதையும் கூட்டினால் −850. மொத்தம் பூஜ்யம் வர வேண்டும் என்பதால் பத்தாவது 850 ஆகத்தான் இருந்தாக வேண்டும், அதற்குச் சுதந்திரம் இல்லை. ஒன்பதுதான் இஷ்டப்படி நகரக்கூடியவை. ஊர் முழுக்கத்தின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாமல், கையில் இருக்கும் பத்திலிருந்தே சராசரியை எடுத்துக்கொண்டதற்கு நாம் கொடுக்கும் விலை அந்த ஒன்று. இந்த அளவு சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கருவிக்குக் கருவி இது மாறும், ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸெல்லில் ஸ்டிடெவ் புள்ளி எஸ் என்றால் ஒன்று குறைத்து, புள்ளி பி என்றால் முழு எண்ணிக்கை. பழைய ஸ்டிடெவ் கட்டளையும் ஒன்று குறைத்துத்தான். ஆர் மொழி ஒன்று குறைக்கும். பைத்தான் மொழியில் நம்பை என்ற தொகுப்பு, சும்மா விட்டால், முழு எண்ணிக்கையால் வகுக்கும், அதே பைத்தானில் பாண்டாஸ் என்ற தொகுப்பு ஒன்று குறைத்து வகுக்கும். ஒரே கோப்பு, ஒரே மொழி, இரண்டு விடை.

8. மாறுபாட்டுக் கெழு

இரண்டு கூட்டத்தை ஒப்பிடும்போது மட்டும் தேவைப்படும். திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்: 302.8 ÷ 350 × 100 = 86.5 சதவீதம். யூனிட்டையும் ரூபாயையும் ஒப்பிடவும், சராசரி ரொம்ப வித்தியாசப்படும் இரண்டு ஊரை ஒப்பிடவும் இது வசதி. செல்சியஸ் வெப்பநிலைக்கு இதைப் போடாதீர்கள், அங்கே 0 என்பது "ஒன்றுமே இல்லை" என்று பொருள்படாது. சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் விடை தாறுமாறாக வரும்.

9. இடைவெளி அட்டவணையாகக் கையில் வந்தால்

சில நேரம் தனித்தனி எண் கிடைக்காது, தொகுத்த அட்டவணைதான் கிடைக்கும். பக்கத்துத் தெருவில் 40 வீடு என்று வையுங்கள்: 0–100 யூனிட் 4 வீடு, 100–200 10 வீடு, 200–300 14 வீடு, 300–400 8 வீடு, 400–500 4 வீடு.

ஒவ்வோர் இடைவெளியின் நடுப்புள்ளியை (50, 150, 250, 350, 450) வீட்டு எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 9800, நாற்பதால் வகுக்க 245. இது தோராயம்தான், ஒவ்வொரு வீடும் நடுப்புள்ளியில் இருப்பதாகப் பாவிக்கிறோம்.

இடைநிலைக்கு 40-இல் பாதி 20-ஆவது வீடு எங்கே என்று குவிவு எண்ணிக்கையில் பாருங்கள்: 4, 14, 28. ஆக 200–300-இல். அதற்கு முன் 14 வீடு முடிந்துவிட்டது, இன்னும் 6 வேண்டும், அந்த இடைவெளியில் 14 இருக்கிறது. 200 + (6 ÷ 14) × 100 = 242.9. இடைவெளி அகலம் 100-ஆல் பெருக்க மறந்துவிட்டு 200.43 என்று எழுதுகிறவர்கள் நிறைய.

திட்டவிலக்கத்துக்கு நடுப்புள்ளியிலிருந்து 245-ஐக் கழித்து வர்க்கப்படுத்தி, வீட்டு எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 4,99,000. நாற்பதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 111.7, 39-ஆல் வகுத்து எடுத்தால் 113.1. மாறுபாட்டுக் கெழு 46.2 சதவீதம். முதல் தெருவின் 86.5-ஐ இதோடு வைத்துப் பார்த்தால் எந்தத் தெரு சீராக எரிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டு பொறி. இடைவெளிகள் 101–200, 201–300 என்று இருந்தால் எல்லையை 100.5, 200.5 என்று மாற்றிக்கொண்டுதான் இடைநிலை போட வேண்டும். கடைசி வரி "500-க்கு மேல்" என்று திறந்து கிடந்தால் நடுப்புள்ளியே கிடையாது, சராசரி போட முடியாது. இடைநிலை போடலாம், அது அந்தக் கடைசி வரியில் விழாத வரை. படிவம் தயாரிக்கும்போதே "எத்தனை யூனிட்?" என்று நேராகக் கேட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தனி எண்ணை எப்போது வேண்டுமானாலும் தொகுக்கலாம், தொகுத்ததைப் பிரிக்க முடியாது.

10. சராசரிகளுக்குச் சராசரி போடாதீர்கள்

முதல் தெரு 350, இரண்டாவது 245. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 297.5. தப்பு. முதலாவதில் 10 வீடு, இரண்டாவதில் 40. மொத்த யூனிட் 3500 + 9800 = 13,300, மொத்த வீடு 50, சரியான விடை 266. சதவீதங்களுக்கும் இதே கதைதான். திட்டவிலக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது அதைவிட மோசம், மூல எண்களை ஒன்றாகப் போட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

வளர்ச்சி சதவீதத்திலும் கவனம். 100 ரூபாய் 50 சதவீதம் ஏறி 150, அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கி 75. கூட்டுச் சராசரி பூஜ்யம் என்கிறது, கையில் 25 ரூபாயைக் காணோம். இதற்குப் பெருக்குச் சராசரி போட வேண்டும், அதாவது 1.5, 0.5 இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது.

11. கால்குலேட்டரும் கணினியும்

பரீட்சை அறையில் பலர் கையிலும் கேசியோ எஃப்எக்ஸ் 82 எம்எஸ்தான் இருக்கும். மோட் அழுத்தி எஸ்டி போய், ஓர் எண், எம் பிளஸ், அடுத்த எண், எம் பிளஸ். தொடங்குவதற்கு முன் ஷிஃப்ட், சிஎல்ஆர் போட்டுப் பழைய எண்களை அழித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய கணக்கின் எண்களும் சேர்ந்துகொள்ளும். எம் பிளஸை இரண்டு முறை தட்டினால் அந்த எண் இரண்டு முறை ஏறும். அதனால் விடை பார்ப்பதற்கு முன் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். ஷிஃப்ட், 2 அழுத்தினால் சராசரியும் இரண்டு திட்டவிலக்கமும் வரும், சிக்மாவுக்குக் கீழே ஒன்று குறைத்த குறி இருப்பது மாதிரிக்கூறுக்கு உரியது.

கணினியில் எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் போதும். எஸ்பிஎஸ்எஸ்தான் வேண்டும் என்று துறை சொன்னால் கல்லூரி லேபில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் பிஎஸ்பிபி, ஜாஸ்ப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, இந்த அளவு வேலைக்கு அவை தாராளம்.

12. செலவும் நேரமும்

கணக்குக்கு என்று தனிச் செலவு கிட்டத்தட்ட இல்லை. கால்குலேட்டர், படிவம் ஜெராக்ஸ், அவ்வளவுதான். பணம் போவது வேறு இடத்தில்: "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று கல்லூரி வாசலில் இருக்கும் கடைகள். ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், அழகான அட்டவணை வரும், எதனால் வகுத்தார்கள் என்று அங்கே கேட்டால் பதில் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி வந்த பிரிண்ட் அவுட்டில் வீட்டு வரிசை எண்ணுக்கே சராசரியும் திட்டவிலக்கமும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தே தீர வேண்டிய நிலை என்றால் கோப்பையும் கட்டளைகளையும் சேர்த்து வாங்குங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, 100 படிவத்தை உள்ளிட ஒரு முழு நாள், அதைச் சரிபார்க்க இன்னொரு நாள் என்று ஒதுக்குங்கள். ஒருவர் படிவத்தைப் படிக்க இன்னொருவர் திரையைப் பார்த்தால் வேகமாக முடியும். கணக்குப் போடுவது அரை நாள்கூட ஆகாது. கடைசி வாரத்தில் உள்ளிடத் தொடங்குகிறவர்களுக்குச் சந்தேகமான படிவத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குத் திரும்பப் போக நேரமே இருக்காது. பைண்டிங் தேதியிலிருந்து பின்னோக்கி மூன்று வாரம் எண்ணி, அதற்குள் மாஸ்டர் ஷீட் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13. அறிக்கையில் எழுதும்போது

சராசரியைத் தனியாக விடாதீர்கள். "சராசரி 350 யூனிட், திட்டவிலக்கம் 302.8, இடைநிலை 250, 10 வீடு" என்று எண்ணிக்கையோடு சேர்த்து ஒரே வரியில். தசமம் ஒன்று போதும், முழு எண்ணாக வாங்கிய விவரத்துக்கு 302.8384 என்று எழுதினால் துல்லியம் கூடிவிடாது. இடையில் சுருக்காமல் கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

"சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்குள் 95 சதவீதம் பேர் இருப்பார்கள்" என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள். அது மணி வடிவத்தில் பரவிய விவரத்துக்கு. நம் தெருவுக்குப் போட்டுப் பாருங்கள்: 350 − 605.6 என்றால் மைனஸ் 255.6 யூனிட். எந்த வீடும் ஈபிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை (மாடியில் சோலார் இருந்தால் அது வேறு கணக்கு). இப்படி அபத்தமான எல்லை வந்தால் இங்கே இடைநிலையும் கால்மானமும்தான் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வைவா அன்று மாஸ்டர் ஷீட்டின் ஒரு பிரதியும் கணக்குத் தாளும் கையில் இருக்கட்டும். "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். படிவங்களை ரிசல்ட் வரும்வரை பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள்.